மாட்டிறைச்சி மலையும் மானிய விலையும்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. உழுபவனுக்கு மட்டுமன்று, கால்நடை வளர்ப்பவனுக்கும் இது பொருந்தும். விளைவித்தவன் கையில் விலை இல்லை. வாங்குபவன் கையிலும் இல்லை. அது சந்தையின் கையில் இருக்கிறது. ஆகவேதான் உலகின் பல அரசுகள் உழவர்க்குத் துணையாக விலையைத் தாங்கிப் பிடிக்க முன்வந்தன. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை என்னும் சொல் நமக்குப் பழக்கமானதே. இதே முறையை மாட்டிறைச்சிக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் கையாண்டன. அதனால் விளைந்தது யாது? வாழ்ந்தவர் யார், வாடியவர் யார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலை ஏன் ஊசலாடுகிறது?

தொழிற்சாலைப் பொருளின் தேவை கூடினால் இயந்திரத்தை இன்னும் சில மணி நேரம் ஓட்டலாம். மாட்டை அவ்வாறு செய்ய இயலாது. பசு சினையாகி, கன்று ஈன்று, அக்கன்று வளர்ந்து சந்தைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இன்றைய விலையைக் கண்டு எடுத்த முடிவின் பலன் மூன்று ஆண்டுகள் கழித்தே தெரியும்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. விலை ஏறும்போது உழவர் கிடாரிகளை விற்காமல் இனப்பெருக்கத்திற்கு நிறுத்திக்கொள்கிறார். அதனால் சந்தைக்கு வரும் மாடு குறைந்து விலை மேலும் ஏறுகிறது. விலை இறங்கும்போது நட்டத்திற்கு அஞ்சிப் பசுக்களையும் சேர்த்து விற்கிறார். வரத்து பெருகி விலை மேலும் சரிகிறது. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் இந்நிலையைப் பொருளியலார் ‘கால்நடைச் சுழற்சி’ என்பர். சிறு உழவர் இச்சுழலில் சிக்கினால் மீள்வது கடினம். எனவே அரசு தலையிட வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை.

இரண்டு வழிகள்

உழவரின் வருவாயைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சந்தை விலையை அதன் போக்கில் விட்டுவிட்டு, அது உறுதியளித்த விலைக்குக் குறைந்தால் அந்தப் பற்றாக்குறையை மட்டும் அரசு உழவருக்கு நேரே கொடுப்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் மேற்கொண்ட வழி இது. 1947 ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் இதற்கு அடிப்படையாயிற்று. இவ்வழியில் நுகர்வோர்க்கு இறைச்சி மலிவாகக் கிடைக்கும்; செலவு முழுவதும் அரசுக் கருவூலத்தின் தலையில் விழும்.

இரண்டாவது, சந்தை விலையையே உயர்த்தி நிறுத்துவது. விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அரசே வாங்கிக் கிடங்கில் சேர்க்கும். வெளிநாட்டு மலிவுச் சரக்கு உள்ளே வராமல் தீர்வை போட்டுத் தடுக்கும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தேர்ந்தெடுத்த வழி இதுவே.

ஆறு நாடுகளின் ஏற்பாடு

பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1957 இல் ரோம் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டு பொதுச் சந்தையை அமைத்தன. உழவர்க்கு நியாயமான வாழ்க்கைத் தரம் அளிப்பதும், நுகர்வோர்க்கு நியாயமான விலையில் உணவு கிடைக்கச் செய்வதும் அவ்வுடன்படிக்கையில் ஒருங்கே இடம்பெற்ற குறிக்கோள்கள். போர்க்காலப் பசியை நேரில் கண்ட தலைமுறை இயற்றிய கொள்கை அது.

மாட்டிறைச்சிக்கான பொதுச் சந்தை ஏற்பாடு 1968 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உறுப்புகள் நான்கு. முதலாவது ‘வழிகாட்டி விலை’. அதாவது உழவர்க்குக் கிடைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் அமைச்சர்கள் கூடி முடிவு செய்யும் விலை. இரண்டாவது ‘தலையீட்டு விலை’. வழிகாட்டி விலைக்குச் சற்றுக் கீழே அமைந்த இவ்விலையில் அரசு நிறுவனங்கள் இறைச்சியை வாங்கும். மூன்றாவது இறக்குமதித் தீர்வை. நான்காவது ஏற்றுமதி மானியம். உள்நாட்டு விலை உயர்ந்தும் உலகச் சந்தை விலை தாழ்ந்தும் இருப்பதால், இடைப்பட்ட வித்தியாசத்தை ஏற்றுமதியாளர்க்கு அரசே கொடுத்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

இதன் விளைவைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். எல்லையில் தீர்வை போட்டுள்ள ஒரு நாட்டில் கிலோ 80 ரூபாய் விலையில் 100 டன் இறைச்சி விளைகிறது. 100 டன்னும் விற்றுப்போகிறது என்று கொள்வோம். அரசு விலையை 100 ரூபாயாக உயர்த்துகிறது. மக்கள் வாங்குவது 90 டன்னாகக் குறைகிறது. உழவர் விளைவிப்பது 110 டன்னாகக் கூடுகிறது. மிஞ்சும் 20 டன்னை அரசு 20 லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறது. உலகச் சந்தையில் கிலோ 50 ரூபாய்தான் என்றால், விற்றுக் கிடைப்பது 10 லட்சம். இழப்பு 10 லட்சம். நுகர்வோர் 90 டன்னுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 18 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, சமுதாயத்தின் செலவு 28 லட்சம். கிடங்குக் கூலி தனி.

உழவருக்கு வந்த நன்மை எவ்வளவு? முன்பு விற்ற 100 டன்னுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 20 லட்சம். புதிதாக விளைந்த 10 டன்னின் விலையில் பெரும்பகுதி அதை உருவாக்கிய செலவிலேயே கரைந்துவிடும். கொடுத்தது 28, சேர்ந்தது ஏறத்தாழ 21. இடையில் ஒழுகியது யாருக்கும் பயன்படவில்லை. விலைத் தாங்கல் என்னும் குடம் நீர் சுமக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் ஓட்டை உண்டு.

1974 கற்பித்த பாடம்

இந்த ஏற்பாட்டிற்கு வந்த முதற் பெருஞ்சோதனை 1974 ஆம் ஆண்டு நெருக்கடி. 1972, 1973 ஆண்டுகளில் மாட்டிறைச்சி விலை ஏறியிருந்தது. உழவர்கள் மந்தைகளைப் பெருக்கினர். 1973 இறுதியில் எண்ணெய் விலை ஏறியது. தீவனச் செலவும் கூடியது. பெருகிய மந்தைகள் சந்தைக்கு வந்தபோது வாங்குவார் குறைந்தனர். விலை சரிந்தது, கிடங்குகள் நிரம்பின. 1974 சூலையில் வெளிநாட்டு மாட்டிறைச்சி இறக்குமதியை ஐரோப்பா அடியோடு நிறுத்தியது. அத்தடை 1977 வரை நீடித்தது. ஐரோப்பிய உழவரைக் காக்க எழுப்பிய சுவர், அர்ச்சென்டினா, உருகுவே, ஆஸ்திரேலியா போன்ற ஏற்றுமதி நாடுகளின் கால்நடை வளர்ப்போரை நட்டத்தில் தள்ளியது.

ஐரோப்பாவிற்குள்ளும் நீதி ஒரே சீராகக் கிடைக்கவில்லை. அயர்லாந்து 1973 இல்தான் சமூகத்தில் சேர்ந்திருந்தது. அதன் மேற்குப் பகுதியில் சிறு உழவர்கள் கன்றுகளை வளர்த்து, கொழுக்க வைப்போரிடம் விற்று வாழ்ந்தனர். அரசு வாங்கியதோ அறுத்துத் தரம் பிரித்த இறைச்சியை. உயிருள்ள கன்றை அன்று. இறைச்சிக்கூடத்தின் வாயிலில் விலை தாங்கப்பட்டது. கன்றுச் சந்தையில் விலை வீழ்ந்து கிடந்தது. உதவி எந்த வாயில் வழியாக நுழைகிறதோ, அந்த வாயிலுக்கு அருகில் இருப்பவரே முதலில் பயன் பெறுவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலை எழுந்த கதை

ஐரோப்பிய மாட்டிறைச்சியில் பெரும்பங்கு பால் மந்தைகளிலிருந்து வருவது. எனவே பால் கொள்கையில் செய்யும் மாற்றம் இறைச்சிச் சந்தையில் எதிரொலிக்கும். பாலும் வெண்ணெயும் தேங்கிப்போனதால் 1984 இல் பாலுக்கு உற்பத்தி வரம்பு விதிக்கப்பட்டது. வரம்புக்கு மிஞ்சிய பசுக்களை உழவர்கள் இறைச்சிக்கு அனுப்பினர். வெண்ணெய் மலையைக் குறைக்கப் போட்ட திட்டம் இறைச்சி மலையை வளர்த்தது!

அவசரக் காலத்திற்கென ஏற்பட்ட கொள்முதல், நாளடைவில் நிரந்தர வாடிக்கையாளர் ஆயிற்று. வாங்குவார் எதை விரும்புகின்றனர் என்று ஆராயாமல், அரசுக் கிடங்கு எதை ஏற்கும் என்று பார்த்தே மாடு வளர்க்கும் நிலை உண்டாயிற்று. உறைந்த இறைச்சிக்குப் புத்திறைச்சியின் மதிப்பு இல்லை. கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பு தேய்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் கிடங்கு இருப்பு பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. இதனிடையே உயர்ந்த விலை கண்ட நுகர்வோர் பலர் பன்றி இறைச்சிக்கும் கோழி இறைச்சிக்கும் மாறினர். விலையைக் காக்கப் போய் வாடிக்கையாளரை இழப்பதும் இம்முறையின் பக்க விளைவே.

மானியத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு 20 விழுக்காட்டுப் பண்ணைகளுக்கே சென்றது என ஐரோப்பிய ஆணையமே ஒப்புக்கொண்டது. காரணம் எளிது. கிலோவுக்கு இவ்வளவு என்று உதவினால், அதிகக் கிலோ விற்பவருக்கே அதிக உதவி. பத்து மாடு உள்ளவர் பெயரைச் சொல்லி ஐந்நூறு மாடு உள்ளவர் பெற்றுக்கொண்டார்.

சஹேல் மேய்ப்பரின் துயரம்

மலையைக் கரைக்க ஏற்றுமதி மானியம் பயன்பட்டது. மலிவு விலை இறைச்சி சோவியத் ஒன்றியத்திற்கும் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நாடுகளுக்கும் கப்பலேறியது. மாலி, நைஜர், புர்க்கினா ஃபாசோ ஆகிய சஹேல் நாடுகளின் மேய்ப்பர்கள் காலங்காலமாகத் தங்கள் மாடுகளைத் தெற்கே ஓட்டிச் சென்று, ஐவரி கோஸ்ட், கானா முதலிய நாடுகளில் விற்று வந்தனர். வறண்ட நிலத்தில் அவர்களுக்கு வேறு பெரிய வருவாய் இல்லை. 1980-களில் அபிஜான் நகரச் சந்தைக்கு அவர்கள் வந்தபோது, ஐரோப்பாவின் உறைந்த இறைச்சி அவர்கள் மாட்டைவிட மலிவாக விற்பனையாயிற்று. அம்மேய்ப்பர் போட்டியிட்டது ஐரோப்பிய உழவரின் திறமையோடு அன்று; ஐரோப்பிய அரசுகளின் கருவூலத்தோடு.

அதே ஐரோப்பா 1975 ஆம் ஆண்டு லோமே உடன்படிக்கையின்படி போட்ஸ்வானா போன்ற சில ஆப்பிரிக்க நாடுகளின் மாட்டிறைச்சிக்குத் தீர்வையைப் பெரிதும் குறைத்துச் சலுகை தந்தது என்பதையும் கூற வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது கொள்கைகளுக்கு இயல்பு போலும்! தொண்டு நிறுவனங்கள் எழுப்பிய கண்டனத்தால் 1990-களின் முற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவிற்கான ஏற்றுமதி மானியம் குறைக்கப்பட்டது. 1994 சனவரியில் அப்பகுதி நாடுகளின் பொது நாணயமான சி.எப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்படவே, இறக்குமதிச் சரக்கு விலை ஏறி, சஹேல் மாட்டுக்கு மீண்டும் சந்தை கிடைத்தது.

விலையிலிருந்து மனிதருக்கு

மாற்றம் 1992 இல் தொடங்கியது. அப்போது வேளாண்மை ஆணையராக இருந்த அயர்லாந்துக்காரர் ரே மக்ஷாரி கொண்டுவந்த சீர்திருத்தம், மாட்டிறைச்சித் தலையீட்டு விலையை மூன்றாண்டுகளில் 15 விழுக்காடு குறைத்தது. அதற்கு ஈடாக உழவருக்கு மாட்டுக்கு இவ்வளவு என்று நேரடித் தொகை வழங்கப்பட்டது. காளைகளுக்கான தொகை ஒரு பண்ணைக்கு 90 மாடு என்ற உச்சவரம்புக்கு உட்பட்டது. அரசு வாங்கும் அளவுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது: 1993 இல் 7,50,000 டன், 1997 இல் 3,50,000 டன்.

கிடங்குகள் காலியாகி வந்த வேளையில், 1996 மார்ச்சு 20 அன்று, பைத்தியப் பசு நோய்க்கும் மனிதரைத் தாக்கும் ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பிரிட்டன் அரசு அறிவித்தது. மக்கள் மாட்டிறைச்சியை அஞ்சி ஒதுக்கினர், விலை விழுந்தது, அரசுக் கொள்முதல் மீண்டும் பெருகியது. எதிர்பாராத பேரிடரில் கிடங்குமுறைக்கு ஒரு பயன் உண்டு என்பதை இது காட்டிற்று. குடை மழைக்கு வேண்டியதே. ஆனால் ஆண்டு முழுவதும் அதன் கீழேயே குடியிருக்க இயலாது.

1999 இல் விலை மேலும் 20 விழுக்காடு குறைக்க முடிவாயிற்று. 2003 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி, எத்தனை மாடு வளர்க்கிறார் என்பதோடு தொடர்பின்றி உழவருக்கு ஒரே தொகை வழங்கும் முறை 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. மானியத்திற்காக மாடு வளர்க்கும் தேவை குறைந்தது. ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க உலக வர்த்தக அமைப்பு 2015 இல் நைரோபியில் முடிவெடுத்தது. அரசுக் கொள்முதல் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. டன்னுக்கு 2,224 யூரோ என்னும் அடிப்படை விலையில் 85 விழுக்காட்டுக்கும் கீழே சந்தை விலை இறங்கினால்தான் அது விழித்துக்கொள்ளும்.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? உழவரை அரசு காக்கக் கூடாது என்பதன்று. மூன்றாண்டு உழைப்பை ஒரு வாரச் சந்தை விலை அழித்துவிடும் தொழிலில் பாதுகாப்பு வேண்டியதே. ஆனால் விலையைக் காப்பது வேறு, மனிதரைக் காப்பது வேறு. விலையைக் காத்தபோது பெரும் பண்ணையும் கிடங்கும் ஏற்றுமதியாளரும் முன்வரிசையில் நின்றனர். கன்று வளர்த்த சிறு உழவர் பின்வரிசையில் நின்றார். சஹேல் மேய்ப்பரோ வரிசையிலேயே இல்லை. எனினும் அச்செலவின் ஒரு பகுதியைச் சுமந்தவர் அவர்தாம்.

எனவே ஆதரவு விலை பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். இந்த உதவி எந்த வாயிலில் வழங்கப்படுகிறது? மிஞ்சிய சரக்கு எங்கே போகிறது? அது போய்ச் சேரும் ஊரில் அதே தொழிலைச் செய்பவர் கதி என்ன? இவற்றிற்கு விடை காணாத விலைக் கொள்கை, எவ்வளவு நல்ல எண்ணத்தில் பிறந்ததாயினும், ஒரு நாள் மலையாக எழுந்து நிற்கும். அம்மலையின் நிழல் ஏழையின் வீட்டின்மீதே விழும்.