இருமல் இல்லாத சயரோகம்

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் ஏறுகிறது. கழுத்து நோவும் பிடிப்பும் அங்கே புதிதல்ல. காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டால், “நெறி கட்டியிருக்கு, போயிரும்” என்று விட்டுவிடுவது இயல்பு. பெரும்பாலும் போயும்விடும். சொத்தைப் பல், பேன் கடித்துச் சொறிந்த புண், தொண்டை வலி என்று எதற்கும் நெறி கட்டும்; இரண்டு மூன்று வாரத்தில் வற்றும். வற்றாமல், வலிக்காமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற கட்டிகள்தான் கவனிக்க வேண்டியவை.

இலங்கையில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேருக்குச் சயரோகம் என்ற காசநோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. நெறியாகக் கட்டும் நிணநீர்க் கணுக்கள் அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்று சொன்ன கழுத்துக் கட்டிகளில் பெரும்பங்கு இதுவே. அரசர் தொட்டால் ஆறும் என்று இங்கிலாந்தில் நம்பினார்கள். பின்னாளில் அகராதி எழுதிய சாமுவேல் ஜோன்சனை 1712இல், குழந்தையாக இருந்தபோது, அரசி ஆன் தொட்டார். நோய் அதற்கு மசியவில்லை.

தோட்ட டிஸ்பென்சரியில் முதலில் சாதாரண அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்ப்பதில் பிழையில்லை. சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் வகை மாத்திரைகளில்தான் சிக்கல். அவை காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும்; கட்டி கொஞ்சம் சுருங்கும், நோய் ஒளிந்துகொள்ளும். கட்டியைக் கீறிச் சீழை எடுப்பது இன்னும் மோசம். அந்த வாய் மூடாமல் மாதக்கணக்கில் வடியும்.

செய்ய வேண்டியது மெல்லிய ஊசிச் சோதனை. இரத்தம் எடுக்கும் ஊசியளவுதான். கட்டியை இரு விரலால் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, இழுத்தபடியே முன்னும் பின்னும் அசைப்பார்கள். சில நொடிகள். வருவது ஒரு துளி; காசநோயானால் பல நேரம் திரிந்த பால் போல வெள்ளையாக இருக்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, உயிரணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்து நிற்கின்றனவா, நடுவே திசு செத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நுரையீரல் சளியில் போலக் கணுவில் கிருமிகள் மொய்ப்பதில்லை. அதனால் நுண்ணோக்கியில் கிருமி தெரியவில்லை என்பதை வைத்து நோயில்லை என்று சொல்ல முடியாது. ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் கிருமியின் மரபணுவைத் தேடி இரண்டு மணி நேரத்துக்குள் பதில் தரும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி மசியுமா என்பதையும் சொல்லும். கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும்.

ஊசியில் தெளிவில்லை என்றால் கணுவையே வெட்டி எடுப்பார்கள். இங்கே நடக்கும் தவறு, கேட்க அற்பமாக இருக்கும்: முழுத் துண்டையும் போர்மலின் போத்தலில் போட்டுவிடுவது. போர்மலினில் கிருமி செத்துவிடும், பிறகு வளர்க்க வழியில்லை. ஜீன்எக்ஸ்பர்ட்டும் நம்பகம் இழக்கும். பாதியை போர்மலினிலும் பாதியை வெறும் சேலைனிலும் போட்டால் போதும். இல்லாவிட்டால் மறுபடியும் கத்தி, மறுபடியும் டவுனுக்கு ஒரு நாள், மறுபடியும் போகும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்.

இவ்வளவு பாடு எதற்கு, நேராக மாத்திரை கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கி வேலை செய்பவருக்கு அதே இடத்தில் வரும் கட்டி வாய்ப் புற்றுநோயின் பரவலாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றும் இப்படியே வலிக்காமல் வளரும். புற்று உள்ளவர்களுக்குக் காசநோய் மாத்திரையில் கழியும் மாதங்கள் திரும்ப வராதவை. ஆகவே வாயைத் திறந்து பார்க்காமல் கழுத்தை மட்டும் தடவிப் பார்ப்பது அரைச் சோதனைதான்.

நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் கூடவே வேண்டும். நுரையீரலில் நோய் இல்லையென்றால், கணுவில் இருப்பது அடுத்தவருக்கு ஒட்டாது. லயத்துக் காம்பராவில் தட்டைப் பிரித்துவைக்கத் தேவையில்லை.

மார்புநோய் கிளினிக்கில் மருந்து இலவசம், பொதுவாக ஆறு மாதம். இடையில் சிலருக்குக் கட்டி பெருக்கும், புதிதாக ஒன்று எழும்பவும் செய்யும். மருந்து தோற்றதாக நினைத்துப் பலர் நிறுத்துவது அப்போதுதான். பெரும்பாலும் அது செத்த கிருமியின் மிச்சத்தோடு உடல் மல்லுக்கட்டுவதே. சந்தேகம் தீராவிட்டால் டொக்டர் மீண்டும் ஊசிச் சோதனை செய்து பார்ப்பார். அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.