தோட்டத்து ஜீப்புக்கு ஏற்ற எண்ணெய்

அதிகாலையில் சீவிய இறப்பர் மரத்தின் பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். பறித்த கொழுந்தோ சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். கேகாலையின் இறப்பர்க் காடுகளிலும், இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை, பலாங்கொடை மலைச் சரிவுகளிலும் இவ்விரண்டையும் காலத்தில் தொழிற்சாலை சேர்ப்பது வாகனமே. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை லயத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் பல தோட்டங்களில் அதே வாகனந்தான். அது நடுவழியில் நின்றுவிட்டால் நேரும் இழப்பைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரிலே பெயர் பெற்றது ஜீப். 1948இல் வெளிவந்தது லாண்ட் ரோவர். அவ்வழியில் வந்த நாற்சில்லு உந்துகை வண்டிகளே மலைத் தோட்டங்களுக்குப் பொருந்தின. கல்லும் சேறும் நிறைந்த பாதையை அவை ஏறிவிடும். ஆனால் அந்த ஏற்றத்தின் சுமை முழுவதையும் எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே தாங்குகிறது. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் உலோகத்திற்கும் இடையே அப்படலம் இருக்கும்வரை இரண்டும் தொடுவதில்லை. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

எண்ணெய் தடித்திருந்தால் நல்லது என்பது சாரதிகளிடையே பழகிவந்த நம்பிக்கை. அதில் பாதி உண்மையுண்டு. எண்ணெயின் பாகுத்தன்மையை எண்ணால் வகுக்கும் முறையை அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911இல் தொடங்கிவைத்தது. இன்று தகரத்தில் காணப்படும் 20டபிள்யூ-50 என்பதில் ‘டபிள்யூ’ ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள எண் சுழியத்திற்குக் கீழே பல பாகைக் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும். பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் தடிப்பைக் காட்டும். இரத்தினபுரியிலே நீர் உறையும் குளிர் ஏது? ஆகவே இங்கு முதன்மையாகக் கவனிக்க வேண்டியது பின்னெண்ணே. இடைவெளி அகன்ற பழைய எஞ்சின்களுக்கு 40, 50 போன்ற தடித்த எண்ணெய் பொருந்தலாம். 30க்கென்று நெருக்கமாகச் செய்யப்பட்ட புதிய எஞ்சினில் அதையே ஊற்றினால், குளிர்ந்த காலையில் எண்ணெய் மேற்பகுதியை அடையத் தாமதமாகும், எரிபொருளும் வீணாகும். வாகனத்துடன் வந்த கைநூல் சொல்வதே முதல் விதி.

தகரத்தில் இன்னும் இரண்டு எழுத்துகள் இருக்கும். ‘எஸ்’ என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. ‘சி’ என்று தொடங்குவது டீசலுக்கு. டீசல் எரியும்போது உண்டாகும் கரித்தூளை எண்ணெய் ஓரிடத்தில் படியவிடாது தன்னுள் ஏந்திக்கொள்ள வேண்டும். புதிதாக ஊற்றிய எண்ணெய் சில நாளிலே கறுத்துவிட்டதென்று கடைக்காரரைக் குறைகூறுவோர் உண்டு. பாவம் கடைக்காரர்! டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்வதற்கு அடையாளம்.

வெளிக்கள உத்தியோகத்தர் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் கதை வேறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும், நான்கு சில்லுள்ள சிறு மலைவண்டிகள் பலவற்றிலும் கிளச்சும் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்திருக்கும். ஜீப்புக்கு வாங்கிய எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருந்தால் அந்தக் கிளச்சு வழுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி நகராது. இவற்றிற்கு ஜப்பானியத் தரமாகிய ‘ஜாசோ எம்.ஏ.’ என்று பொறித்த எண்ணெய் உண்டு.

எண்ணெயை எப்போது மாற்றுவது? மைல்கணக்கு இங்கே ஏமாற்றும். முதலாம் கியரில் மணிக்கணக்காக ஊர்ந்த வண்டியின் மானியில் சில மைல்களே ஏறியிருக்கும். கடும் ஓட்டத்திற்கென்று பல கைநூல்கள் குறுகிய கால அளவைத் தனியே குறிக்கின்றன. தோட்டத்து ஓட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஓடும் குறும்பயணமும் தீங்கானதே. எஞ்சின் நன்கு சூடேறாதபோது எரிபொருள் எரிவதால் பிறக்கும் நீராவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் தங்கும். அளவுக் கம்பியில் எண்ணெய் பால்நிறமாகத் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது. 2003, 2017 மே மாதங்களில் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் அகப்பட்ட வண்டியை எக்காரணம் கொண்டும் உடனே இயக்கலாகாது. முதலில் இழுத்துச் சென்று, எண்ணெயை வடித்து, எஞ்சினுள்ளே நீர் புகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

அளவு குறைந்த எண்ணெயும் செங்குத்துச் சரிவும் சேர்ந்தால் எஞ்சினின் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். அளவுக் கம்பியை நாள்தோறும் காலையில், எஞ்சினை இயக்குமுன், வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பார்ப்பதே முறை. மலைத் தோட்டத்தில் அத்தகைய சமதரை கிடைப்பது அரிது; பிரட்டுக்களம் அதற்குப் போதும்.