மாதிரி பார்க்காத சலாபம்: ஆட்டிசமும் எக்ஸோசோம் வியாபாரமும்

1

மருத்துவமும் ஒரு சொல்லாடல்தான், அதற்குள்ளும் அதிகாரம் வேலை செய்கிறது என்று தமிழ்ச் சிறுபத்திரிகைகள் பேசத் தொடங்கி முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது. பைத்தியம், குற்றம், பாலியல் என்று ஃபூக்கோ தொட்ட இடங்களையெல்லாம் நமக்கு முந்தியவர்களும் தொட்டார்கள். 'இயல்பு' என்று ஒரு கோட்டைப் போட்டு யாரை உள்ளே வைக்கிறார்கள், யாரை வெளியே தள்ளுகிறார்கள் என்று கேட்க அவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் இதே கேள்விகளைச் சந்தை எப்படித் தன் மடியில் கட்டிக்கொண்டது என்பதை நாம் அதிகம் யோசிக்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு 'எக்ஸோசோம் சிகிச்சை' என்று விற்கப்படுவதை முன்வைத்து அதைப் பேசலாம்.

இந்த விஷயம் என்னிடம் உப்பளத்தின் வழியாக வந்தது. தூத்துக்குடியில் உப்பள வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "தம்பி, நீ படிச்சவம்லா, இது நெசமான்னு பாத்துச் சொல்லு" என்றார். அவருடைய மகனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றலாம். ஆனால் விளம்பரம் என்பது முதலில் ஒரு பிரதி. 'மீளுருவாக்கம்', 'செல்லின் மொழி', 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது' என்று அதில் கிடந்த சொற்களை வாசிக்க எனக்குத் தெரியும். அறிவியலை வாசிக்கத்தான் நாளாயிற்று.

2

நம் செல்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேலே கொழுப்புச் சவ்வு, உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ. துணுக்குகளும். குறுக்களவு ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஐந்நூறுக்கும் மேல் வரிசையாக வைக்கலாம். 1983இல் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழுவும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இன்னொரு குழுவும் முதிராத சிவப்பணுக்களில் இவற்றைப் பார்த்தார்கள். 1987இல் ஜான்ஸ்டோன் இவற்றை எக்ஸோசோம் என்று அழைத்தார். செல் தனக்கு வேண்டாததைக் கட்டி எறிகிற குப்பைப் பை என்றே வெகுநாள் கருதப்பட்டது. நோயெதிர்ப்புச் செல்கள் விடும் பொட்டலங்கள் மற்ற செல்களைத் தூண்டுகின்றன என்று 1996இல் தெரிந்தது. ஒரு செல்லின் ஆர்.என்.ஏ.வை இவை இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோகின்றன என்று 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது கடிதமாயிற்று.

இதுவரை சொன்னது நல்ல அறிவியல். சிகிச்சை என்று சொல்வது இதற்கு அடுத்த படி. தொப்புள்கொடி, எலும்பு மஜ்ஜை, கொழுப்பு ஆகியவற்றிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்க்கிறார்கள். அவை வளர்ந்த திரவத்திலிருந்து பொட்டலங்களைப் பிரித்து நரம்பு வழியாகவோ மூக்கு வழியாகவோ செலுத்துகிறார்கள். மூளையில் அழற்சி தணியும், நரம்புச் செல்களுக்கு ஊட்டம் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2018இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுண்டெலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் குறைந்தது, மற்ற எலிகளோடு பழகுவது கூடியது. 2020இல் மரபணு மாற்றிய எலிகளிலும் இதுபோல் கண்டார்கள். மேலே ஆராயத் தகுந்த விஷயம்தான். ஆனால் எலிக்கு ஆட்டிசம் கிடையாது. அதை ஒத்த சில நடத்தைகள் மட்டுமே உண்டு. குழந்தைகளிடம் எக்ஸோசோம் பலன் தருகிறது என்று முறையான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் இன்னும் நிறுவவில்லை.

'மீளுருவாக்கம்' என்ற சொல்லையும் பாருங்கள். மீண்டும் உருவாக்க வேண்டுமென்றால் முதலில் ஏதோ அழிந்திருக்க வேண்டும். பக்கவாதத்தில் மூளைத் திசு செத்துப்போகிறது. அங்கே இந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆட்டிசம் கருவிலேயே தொடங்குகிற வளர்ச்சி வேறுபாடு. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அதோடு தொடர்புடையவை. இன்னதுதான் பழுது என்று காட்டச் செத்துப்போன திசு எதுவும் இல்லை. ஆக, இந்தச் சொல் வைத்தியம் பார்ப்பதற்கு முன்பே குழந்தையை இடிந்த வீடாக அறிவித்துவிடுகிறது.

ஆட்டிசத்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் புதிதல்ல. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1967இல் புருனோ பெட்டல்ஹைம் தாயின் பாசமின்மையே காரணம் என்று ஒரு புத்தகமே எழுதி உலகமெங்கும் தாய்மார்களைக் கூண்டில் ஏற்றினார். பின்னாளில் அந்தக் கொள்கை பொய்யென்று கைவிடப்பட்டது. பழி சுமந்த தாய்மார்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. 1993இல் டொராண்டோ மாநாட்டில், தானே ஆட்டிசம் உடைய ஜிம் சின்க்ளேர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னார். ஆட்டிசம் குழந்தையை மூடியிருக்கிற ஓடு, உடைத்தால் உள்ளே வேறு குழந்தை இருக்கும் என்ற கற்பனையை அவர் மறுத்தார். முத்தும் சிப்பியுமாகவே எதையும் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

3

"எங்க பிள்ளைக்கு நல்லா ஆச்சே, நாங்க கண்ணால பாத்தோமே" என்று பெற்றோர் சொல்கிறார்கள். அனுபவத்தை மதிக்க வேண்டும் என்பது நம் அரசியல். அந்த அனுபவம் பொய்யென்று நானும் சொல்லவில்லை. அது எதன் விளைவு என்பதுதான் கேள்வி.

1998இல் செக்ரீட்டின் என்ற குடல் ஹார்மோன் மூன்று குழந்தைகளுக்குப் பலன் தந்ததாக ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெற்றோர் அலைமோதினார்கள். 1999இல் 60 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு மருந்தும் மீதிப்பேருக்கு வெறும் உப்புநீரும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. இரண்டு பிரிவுக்கும் வேறுபாடில்லை. முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 சதவீதம் பேர் அந்த மருந்தில் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள்.

இன்னும் நெருக்கமான உதாரணம் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2017இல் 25 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார்கள். முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை. 2020இல் வெளிவந்த அடுத்த சோதனையில் 2 முதல் 7 வயது வரையான 180 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ரத்தம், ஒரு பிரிவுக்குப் போலி மருந்து. முதன்மையாக அளந்த சமூகப் பழக்கத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. எக்ஸோசோம்காரர்கள் இன்று காட்டும் சான்றுகள் பெரும்பாலும் 2017 நிலையில் நிற்பவை. 2020ஐ அவர்கள் இன்னும் தாண்டவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? குழந்தை சும்மாவே வளர்கிறது. ஆறு மாதத்தில் நாலு சொல் தானாகவும் வரும். நிலைமை ரொம்ப மோசமான சமயத்தில்தான் பெற்றோர் ஓடுகிறார்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் தணிவது இயற்கை. கூடவே பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது. பணம் கட்டிய பின் கண்கள் சின்ன மாற்றத்தையும் தேடித்தேடிப் பார்க்கின்றன. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மருந்தை மட்டும் தனியே பார்க்க ஒப்பீட்டுப் பிரிவைத் தவிர வேறு வழியில்லை.

4

நம் கடற்கரைக்கு இது புதிய சங்கதியல்ல. முத்துச் சலாபம் நடந்த காலத்தில், நினைத்த மாத்திரத்தில் படகை இறக்கிவிட மாட்டார்கள். முதலில் பார்களைச் சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்புப் போடுவார்கள். சிப்பி இளசு, மதிப்புத் தேறாது என்றால் அந்த வருஷம் சலாபம் கிடையாது. தேறினால்தான் அறிவிப்பு. அதன் பிறகு திறக்காத சிப்பி ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். வாங்கிய வியாபாரி ஆடுவது சூதுதான். ஆனால் மாதிரியின் மதிப்பைத் தெரிந்துகொண்டு ஆடுகிற சூது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அப்படியொரு சலாபம் நடக்கவில்லை. மாதிரி பார்க்கும் அறிவு அதோடு போய்விட வேண்டியதில்லை.

எக்ஸோசோம் வியாபாரத்தில் மாதிரியே பார்க்காமல் சிப்பி ஏலம் போகிறது. ஒன்றும் இல்லையென்று தெரிந்தால், "இன்னும் ஒரு டோஸ் போடணும்" என்கிறார்கள். பணயம் வைக்கப்படுவது நகையும் கடனும் மட்டுமல்ல, பேச்சு வராத குழந்தையின் நரம்பும்தான். எக்ஸோசோம் இருப்பதாகச் சொல்லி விற்ற, ஒப்புதல் பெறாத தயாரிப்புகளால் நெப்ராஸ்காவில் நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது.

அதே சலாபத்தில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். கம்பெனி அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, அவரில்லாமல் குளியாளிகள் இறங்க மாட்டார்கள் என்பதால். பகுத்தறிவு பேசுகிற நாம் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் கடல்கட்டி கரையில் மந்திரம் சொன்னபோது, படகில் கயிறு பிடிக்க ஆள் இருந்தது. கயிற்றுக்குப் பதிலாக யாரும் மந்திரத்தை விற்கவில்லை. இன்று நடப்பது அந்த விற்பனைதான்.

5

கயிறு பிடிக்க வேண்டியவர்கள் யார்? பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சிறப்பாசிரியர், சேர்த்துக்கொள்ளும் பள்ளி. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 21 குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டத்துக்கொரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்றது. ஆனால் கடற்கரைக் கிராமத்திலிருந்து நகரத்து மையத்துக்கு ஒரு தடவை வந்துபோனால் உப்பளக் கூலி ஒரு நாள் போச்சு. பயிற்சியோ வாரா வாரம், வருஷக்கணக்கில். இந்த இடைவெளியில்தான் 'மூன்றே டோஸ்' வந்து உட்காருகிறது. அந்த அக்கா ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையில் கயிறு இல்லை, மந்திரம்தான் கிடைத்தது. (கண்ணைப் பார்க்க வைப்பதையும் கையை ஆட்டாமல் உட்கார வைப்பதையுமே வெற்றியாக நினைக்கும் பயிற்சிகளையும் நாம் விமர்சிக்க வேண்டும். அது தனிக் கட்டுரை.)

சட்டம் என்ன சொல்கிறது? ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் சொன்னது. அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனைக்கு வெளியே அதைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரியில் தீர்ப்பளித்தது. "நாங்க போடுறது செல் இல்ல, செல்லோட சாரம்தான்" என்ற பேச்சு இந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறது. பெயர் மாறினாலும் நிரூபணம் இல்லாத நிலை மாறவில்லை.

யாரேனும் இதை ஆய்வு என்று சொன்னால் நான்கு கேள்விகள் கேட்கலாம். மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் என்ன? நெறிமுறைக் குழுவும் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தந்த அனுமதி எங்கே? ஒப்பீட்டுப் பிரிவு உண்டா? என்னிடம் எதற்குப் பணம் கேட்கிறீர்கள்? ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆய்வுக்கான செலவை வாங்கக் கூடாது என்பது நெறி. காசு கேட்ட இடத்திலேயே 'ஆய்வு' என்ற சொல் பொய்யாகிவிடுகிறது.

இனி நம் பங்கு. அறிவியலின் அதிகாரத்தை விமர்சித்தோம், சரி. அந்த வேகத்தில் அறிவியலின் முறையையும் சேர்த்துத் தள்ளினால் அந்த இடத்துக்கு மக்கள் வர மாட்டார்கள், முதலாளி வருவான். 'பெருமருத்துவத்துக்கு மாற்று', 'அனுபவமே சாட்சி', 'தனித்துவம்' என்று அவன் பேசுவது நம் பாஷை. ஒப்பீட்டுச் சோதனை என்பது பணம் உள்ளவனின் வாக்கை ஏழை சரிபார்க்கக் கிடைத்த கருவி. அதை எதிரியின் ஆயுதமாகப் பார்ப்பதை நிறுத்துவோம்.

மீனவர் சங்கங்களும் உப்பளத் தொழிற்சங்கங்களும் கூலிக்கும் போனஸுக்கும் மனுக் கொடுத்த அனுபவம் உள்ளவை. வாரத்தில் இரண்டு நாளாவது கடற்கரை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வர வேண்டும், பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற நாளுக்குக் கூலி இழப்பீடு வேண்டும் என்று அந்த மனுவில் இரண்டு வரிகள் சேர்க்க முடியாதா? மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதட்டும், பேசுவோம்.