சிலேட்டுக் கல்லில் பழுக்கும் திராட்சை

ஜெர்மனியில் மோசல் ஆறு வளைந்து நெளிந்து ஓடும் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவது ரோமானியர் காலத்துத் தொழில். குளிர்ப் பிரதேசம் அது, வெயில் போதாது. அப்படியிருந்தும் பழம் பழுக்கிறதே, எப்படி? அங்கேதான் மலை கைகொடுக்கிறது. சரிவெங்கும் கிடப்பது, ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதிய அதே சிலேட்டுக் கல். பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து, இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கிறது. ரீஸ்லிங் என்னும் இனம் அக்டோபர் வரை நிதானமாகப் பழுக்கிறது. புளிப்புக் குறையாத, போதை குறைந்த மது அதிலிருந்து கிடைக்கிறது.

ஆனால் சரிவு பொல்லாதது. பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் மலை சில இடங்களில் 65 பாகைச் செங்குத்து! டிராக்டர் ஏறாது. கவ்வாத்தும் அறுவடையும் கையால்தான். மழையில் சரிந்த கல்லைக்கூட அந்நாளில் முதுகுக் கூடையில் மேலே சுமந்தார்கள். மலைக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்த முழங்கால் வலி தெரியும்.

இவ்வளவு உழைத்தும் வயிறு நிறைந்ததா? 1815க்குப் பின் பிரஷ்ய அரசின் வரி. 1834இல் சுங்கத் தடை நீங்கியதும் தெற்கத்தி மது வந்து குவிந்தது, விலை விழுந்தது. குடியானவர்கள் கடனில் மூழ்கினர். அவர்கள் துயரை 1843 ஜனவரியில் கொலோன் நகரப் பத்திரிகை ஒன்றில் எழுதியவர், மோசல் கரையிலுள்ள டிரியரில் பிறந்த 24 வயது இளைஞர் கார்ல் மார்க்ஸ். மார்ச் மாதத்தோடு அந்தப் பத்திரிகையையே அரசு நிறுத்திவிட்டது.

இன்று போலந்து, ருமேனியா நாட்டுத் தொழிலாளர்கள் பருவத்துக்கு வந்து பழம் பறித்துத் தருகிறார்கள். ஆள் கிடைக்காத சரிவுகள் பல, புதர் மண்டிக் கிடக்கின்றன.