வீட்டு வாசலில் குடை மிளகாய்: கைராசி தேவை இல்லை!

பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தமிழர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைப் பார்த்தால், வாசலில் இரண்டு தொட்டியாவது இருக்கும். ஒன்றில் துளசி. இன்னொன்றில் கறிவேப்பிலை அல்லது பச்சை மிளகாய். அவற்றோடு குடை மிளகாயையும் வளர்க்க ஆசைப்பட்டு, பாதியில் கைவிட்டவர்கள் பலர்.

விதை முளைக்கவில்லை. முளைத்த நாற்று சாய்ந்துவிட்டது. தப்பிப் பிழைத்த செடியில் பூ உதிர்ந்துவிட்டது. உடனே பக்கத்து வீட்டில் இருந்து தீர்ப்பு வரும்: "உங்களுக்குக் கைராசி இல்லை, அக்கா!" அதோடு சரி. அந்தத் தொட்டியில் சாமந்தி குடியேறிவிடும்.

இது கைராசி விவகாரமே அல்ல. முற்றாத விதை, அளவு மீறிய தண்ணீர், பருவம் தவறிய விதைப்பு. இந்த மூன்றும்தான் காரணம். மூன்றையும் திருத்திக்கொண்டால், யார் கை வைத்தாலும் காய்க்கும்.

பச்சைக் காயில் விதை எடுக்காதீர்கள்

குடை மிளகாயும் நம் வீட்டுப் பச்சை மிளகாயும் ஒரே இனம்தான். காரத்தை உண்டாக்கும் பொருள் மட்டும் இதில் உருவாவதில்லை. தள்ளுவண்டிக்காரர் 'தொண்ணெ மெணசினகாயி' என்று கூவி விற்கும் பச்சைக் காய், உண்மையில் பழுக்காத காய். அதன் விதையும் முற்றி இருக்காது. அதைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாலும் பலன் இராது. நன்றாகச் சிவந்த பழத்தில்தான் முற்றிய விதை கிடைக்கும்.

சிவந்த பழத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கடைக்கு வருவதில் பெரும்பகுதி வீரிய ஒட்டு ரகம். பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனம் 1973-ல் 'பாரத்' என்ற ஒட்டு ரகத்தை வெளியிட்டது. அத்தகைய ஒட்டு ரகங்களின் விதையைப் போட்டால், தாய்ச் செடியைப் போன்றே பிள்ளை அமையும் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டும் சொந்த விதையைப் பயன்படுத்த விரும்புவோர், ஒட்டு அல்லாத ரகத்தை வாங்குவது நல்லது. 'கலிபோர்னியா வொண்டர்' பழைய ரகம். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'அர்கா மோகினி', 'அர்கா கவுரவ்', 'அர்கா பசந்த்' ஆகியவையும் உண்டு. விதைக்கு விடும் செடியின் அருகில் கார மிளகாய்ச் செடி இருக்கக் கூடாது. மகரந்தம் கலந்தால், அந்த விதையில் வளரும் செடியின் காய் காரமாகிவிடலாம்!

சதுர்த்திக்கு விதை, பொங்கலுக்குக் காய்

பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இந்த மிதமான குளிர் குடை மிளகாய்க்கு ஏற்றது. விநாயகர் சதுர்த்தி வாக்கில் விதைத்தால் பொங்கலை ஒட்டிக் காய் பறிக்கலாம்.

அடியில் துளை போட்ட தயிர்க் கப், டீ கப் போதும். செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். முளை தெரிய 8 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறக் கூடாது.

மண் ஈரமாக இருக்க வேண்டும். சேறாக இருக்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் இளநாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் அழுகிச் சாயும். இதை 'நாற்றழுகல்' என்பார்கள். அன்பு மிகுதியால் வேளைக்கு ஒரு சொம்பு ஊற்றுபவர்கள் வீட்டில்தான் இது அதிகம்.

தொட்டி மாற்றும்போது

நாற்றில் நாலைந்து இலை வந்ததும், 10 அல்லது 12 அங்குல அகலத் தொட்டிக்கு மாற்றலாம். பழைய பெயிண்ட் வாளியைச் சுத்தமாகக் கழுவி, அடியில் துளை போட்டாலும் சரி. ஒரு வாளிக்கு ஒரு செடி. தக்காளி, கத்தரி வளர்த்த மண்ணையே போடக் கூடாது; ஒரே குடும்பம் என்பதால் வாடல் நோய் தொற்றும். நாளுக்கு 6 மணி நேரம் வெயில் படவேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும், காய் வராது.

பூ உதிர்கிறதா?

முதலில் வரும் ஒன்றிரண்டு பூவைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராது, ஆனால், அதன் பிறகுதான் செடி பலம் பிடிக்கும். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் பூ தானாகவே உதிரும். ஏப்ரல் மாதத்தில் பூ நிற்காததற்கு இதுவே காரணம். அந்த நாட்களில் மதிய வெயிலுக்கு ஒரு பழைய சேலையைப் பந்தலாகக் கட்டலாம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும், சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். காயின் அடிப்புறம் கறுத்தால், தண்ணீர் ஒருநாள் விட்டும் ஒருநாள் விடாமலும் ஒழுங்கின்றிப் போகிறது என்று அர்த்தம்.

பீடிக் கையோடு தொடாதீர்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. புகையிலையைத் தாக்கும் வைரஸ் குடை மிளகாயையும் தாக்கும். பீடி, சிகரெட் பிடித்த கையோடு செடியைத் தொட்டால் அந்த நோய் ஒட்டிக்கொள்ளலாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே தொட வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்த அண்ணாச்சிகள் கவனிக்க!

நடவு செய்த 70, 80 நாளில் பச்சைக் காய் கிடைக்கும். இழுத்துப் பறித்தால் கிளை ஒடியும். காம்போடு கத்தரிக்க வேண்டும். செடியிலேயே விட்டால் மேலும் சில வாரத்தில் சிவக்கும். சிவந்ததில் வைட்டமின் 'சி' இன்னும் அதிகம்.

வாடகை வீட்டில் மரம் வைக்க முடியாது. வைத்தாலும், மாற்றல் உத்தரவு வந்தால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வாளியில் வளர்ந்த செடி அப்படி அல்ல. சாமான் வண்டியில் கூடவே வரும். பொங்கலன்று அதில் இரண்டு காய் தொங்கினால் போதும். கைராசி இல்லை என்று சொன்ன அதே வீட்டில் இருந்து, "அக்கா, எங்களுக்கும் நாலு விதை கொடுங்களேன்" என்று குரல் வரும்!