கொழும்பு தேசிய அருங்காட்சியகம்

கொழும்பு தேசிய அருங்காட்சியகம் இலங்கையின் வரலாறு, தொல்லியல், நாட்டார் பண்பாடு ஆகியவற்றைக் காட்சிப்படுத்தும் முதன்மை நிறுவனமாகும். கொழும்பு கறுவாத்தோட்டப் பகுதியில் அமைந்துள்ள இதனை இலங்கைத் தேசிய அருங்காட்சியகம் என்றும் அழைப்பர். இங்குள்ள பொருட்கள் பலவற்றுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, அவை உருவான வரலாறு. மற்றொன்று, அவை இங்கு வந்து சேர்ந்த வரலாறு. இரண்டையும் அறிந்து செல்பவருக்கே இக்காட்சியகம் முழுப் பயன் தரும்.

தோற்றம்

ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் நிறுவப்பட்ட இந்நிறுவனம் 1877 சனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் சிமிதர். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் காட்சியகத்தை மூடிவைத்தால் போதும் என்று மரிக்கார் கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

காலி மும்மொழிக் கல்வெட்டு

தமிழ் வாசகர் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது இக்கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய இது 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபைச் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்துக்கு இது நேரடிச் சான்று.

இக்கல் 1911இல் காலி நகரில், ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அப்போது யாரும் கவனிக்காமல் போயிருந்தால் இச்சான்று நமக்குக் கிடைத்திராது. அது போற்றிய தெனாவரைக் கோயிலோ 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டுவிட்டது.

பொலன்னறுவை வெண்கலங்கள்

பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளை அகழ்ந்தபோது நடராசர், உமை, நாயன்மார் முதலியோரின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோழர் ஆட்சிக்காலத்திலும் அதன் பின்னரும் அந்நகரில் சைவம் நிலவியதை இவை காட்டுகின்றன. இக்காட்சியகம் திறக்கப்பட்ட அதே 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இங்குள்ள வெண்கலங்களைப் பற்றி 1914இல் ஒரு நூல் வெளியிட்டார்.

கண்டி அரசரின் அரியணை

கண்டி அரசருக்கு ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரிசளித்த அரியணை இங்குள்ளது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். கடைசி அரசரான சிறீ விக்கிரம ராசசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். அரியணை மட்டும் 1934இல் திரும்பி வந்தது.

1765இல் கண்டியில் ஒல்லாந்தர் கவர்ந்த பீரங்கி, வாள்கள் உள்ளிட்ட ஆறு பொருட்களை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கையிடம் ஒப்படைத்தது. அவையும் இக்காட்சியகத்துக்கே வந்தன. குடியேற்ற நாடுகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருட்கள் யாருக்கு உரியவை என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ள இக்காலத்தில், அதற்குக் கிடைத்த இரண்டு விடைகளை இங்கே நேரில் காணலாம்.

நாட்டார் பண்பாடு

அரசரும் கோயிலும் மட்டுமே வரலாறு அல்ல என்பதை முகமூடிகள் உணர்த்துகின்றன. கோலம் என்னும் நாட்டுக்கூத்தில் அணியும் முகமூடிகளும், நோய் தீர்க்கும் சன்னிச் சடங்கில் அணியும் முகமூடிகளும் குறிப்பிடத்தக்கவை. சன்னி முகமூடிகள் பதினெட்டு நோய்ப் பேய்களைக் குறிப்பவை. மருத்துவம், நம்பிக்கை, நகைச்சுவை மூன்றும் கலந்த ஊர் வாழ்க்கையை இவற்றில் காணலாம்.

மாணவர்களுக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயல்வதைவிட, நான்கைந்து பொருட்களைத் தேர்ந்தெடுத்து நின்று பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்: இதை யார், எதற்காகச் செய்தார்கள்? இது எப்படி இங்கு வந்தது? முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் விளக்கப் பலகையில் இருக்கும். இரண்டாவதற்கான விடையைத் தேடிப் படித்துத்தான் அறிய வேண்டும்.