மழைக்கு முன்னே எழுதிவைக்க வேண்டிய வாசகம்

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கீழ்க்கரையைத் தொட்ட டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எல்லா மாவட்டங்களிலும் அதிகமான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே. மகாவலி பெருகிக் கம்பளையை மூழ்கடித்தது. மலைச்சரிவுகள் வீடுகளை அவற்றுள் உறங்கியவர்களோடு சேர்த்துப் புதைத்தன. அந்த நாட்களில் உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் பல தமிழில் பிந்தியே கிடைத்தன, சில கிடைக்கவே இல்லை என்ற குறை நாடெங்கும் எழுந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தமிழ் பேசும் ஒரு மாவட்டத்தில், தோட்டத்து லயங்களும் முஸ்லிம் கிராமங்களும் செங்குத்தான சரிவுகளை அண்டியிருக்கும் ஒரு நிலத்தில், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தமிழுக்குச் சட்டத்தில் இடமுண்டு; 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் அதனையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் நள்ளிரவில் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஓர் அறிவித்தலை வேறொரு பாஷையில் எழுதி முடித்த பிறகே அதைத் தமிழாக்க ஆள் தேடும் வழக்கம் நீடிக்கும்வரை, எத்தனை நல்லெண்ணம் படைத்த உத்தியோகத்தர் அங்கே அமர்ந்திருந்தாலும், தமிழ் வாசகம் பிந்தித்தான் வரும். அவசர வேளையில் மொழிபெயர்க்கப்படும் பொருளாக இல்லாமல், வெயில் நாளிலேயே எழுதித் திருத்தி அங்கீகாரமும் பெற்றுவைத்த பொருளாகத் தமிழ் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பதே என் துணிபு. சமூக ஊடகப் பக்கங்களை நடத்தும் இளைஞர்கள் டெம்ப்ளேட் என்று சொல்லும் மாதிரி வாசகத்தின் பிரயோஜனம், வியாபார விளம்பரங்களைக் காட்டிலும் இந்த இடத்திலேயே ஆயிரம் மடங்கு பெரிது.

இதற்கு வேண்டிய அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று மட்டங்களாக வகுத்திருக்கிறது: மஞ்சள் என்றால் அவதானமாக இருத்தல், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாதல், சிவப்பு என்றால் வெளியேறிவிடுதல். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் ஆயத்தம், 150ஐக் கடந்தாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ உடனடி வெளியேற்றம் என்று அதன் அளவுகோலும் தெளிவாக இருக்கிறது. ஆகவே எழுதவேண்டிய வாசகங்கள் மூன்றே. அவற்றில் மாறுபவை பிரதேச செயலகப் பிரிவின் பெயரும் எச்சரிக்கை செல்லுபடியாகும் நேரமுமே. கண்டி மாவட்டத்தில் அத்தகைய பிரிவுகள் 20. கங்க இஹல கோரளை, பஸ்பாகே கோரளை, பாததும்பர, உடபலாத்த என்று வரும் இப்பெயர்களைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால், தன் ஊரைத் தேடுபவர் அதைக் காணாமலே கடந்துபோகவும் கூடும். ஒருமுறை தீர்மானித்த எழுத்துக்கூட்டலைப் பட்டியலாக வைத்துக்கொண்டால் அந்தச் சிரமம் என்றைக்குமாக நீங்கும்.

எழுத்துருவின் தொல்லையும் சாமானியமானதன்று. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த அறிவித்தலை அப்படியே முகநூலில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலே தோன்றும். அதற்கு அஞ்சி அதைப் படமாக்கி ஏற்றிவிடுகிறார்கள். படமோ, சமிக்ஞை நலிந்த தோட்டப்புறத்தில் திறப்பதற்கே நேரமெடுக்கும், அதிலுள்ள வாசகத்தைப் பிரதி செய்து வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்ப இயலாது, பார்வையற்றவரின் கைபேசியும் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டாது. மாதிரி வாசகம் யூனிகோடில் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. படம் வேண்டுமானால் அதனுடன் துணையாக வரட்டும்.

வரையறுத்த வாசகத்தால் இரு மொழி மக்களுக்கும் நீதி செய்யலாம் என்பதைக் கனடா எப்போதோ நிரூபித்தது. வானிலை அறிக்கைகள் திரும்பத் திரும்ப ஒரே சொற்களாலும் ஒரே அமைப்பாலும் ஆனவை என்பதைக் கண்ட மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றும் ‘மெத்தியோ’ என்ற கணினி முறைமையை உருவாக்கினார்கள். அது 1977 முதல் 2001 வரை நாள்தோறும் உழைத்தது. கணினி இன்றைய வல்லமையை எய்தாத காலத்தில் அது சாத்தியமானதற்குக் காரணம், அறிக்கையின் வடிவம் முன்கூட்டியே கட்டுப்பட்டிருந்தமையே.

வாசகம் மட்டும் போதாது. அது கைமாறும் ஒழுங்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டத்தையும் பிரிவையும் நேரத்தையும் நிரப்ப, இன்னொருவர் அதை மூல அறிவித்தலோடு ஒப்புநோக்க, அதன்பின் மூன்று மொழிகளும் ஒரே பதிவில் ஒருங்கே வெளிவர வேண்டும். நிரப்பியவரே ஒப்புநோக்குவதை எந்த அவசரத்திலும் அனுமதிக்கலாகாது. திகதியும் நேரமும் முதல் வரியிலேயே நிற்கவேண்டும், ஏனெனில் பகிரப்பட்ட பழைய எச்சரிக்கை நான்கு நாள் கழித்தும் புதியதுபோல் உலாவி ஜனங்களைக் கலங்கச் செய்யும். காலாவதியான பதிவில் அது முடிந்துவிட்டது என்று குறிப்பதும் அவ்விருவரின் கடமை. நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் முதலிய அறிகுறிகளைப் போதிக்கும் பதிவுகளை ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழைக்கு முன்பே எழுதி, நாள் குறித்துத் தானாக வெளியாகும்படி செய்துவிடலாம். எச்சரிக்கையை அவ்வாறு செய்யலாகாது. சிவப்பு அறிவித்தல் வந்த கணமே, முன்பு நாள் குறித்துவைத்த விழா வாழ்த்துக்கள் அனைத்தையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் அந்த ஒழுங்கில் ஒரு வரியாக இருக்கட்டும்.

மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோனால் முகநூலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. டித்வா அதையும் காட்டிவிட்டுத்தான் போனது. ஆதலால் இதே வாசகங்களை அச்சிட்டுக் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும்.

கண்டியிலே சிங்களமும் தமிழும் ஒருங்கே கற்ற ஆசிரியர்களும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களும் தாராளமாக இருக்கிறார்கள். மாவட்டச் செயலகம் அவர்களில் சிலரை அழைத்து, இம்மூன்று வாசகங்களையும் இருபது பெயர்களையும் அடுத்த இடைப்பருவ மழை தொடங்குமுன் எழுதி முடிக்க வேண்டும். அழைப்பு வருமட்டும் காத்திராமல் அவர்களும் தாமாகவே முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.